சட்டை போட்ட நாய்க்குட்டி

— அது நாய்க்குட்டின்னு எனக்கும் தெரியுது மாப்பிள்ளை. அது ஏன் சட்டை போட்டிருக்குன்னுதான் கேக்கறேன்.

— ஒரு நிமிஷம் மாமா, உள்ள வந்து சொல்றேனே. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பாக்கறாங்க.

— ரெண்டு மாசமா என் பொண்ணு இங்க வந்து உக்காந்திருக்கறதையே பாத்துட்டாங்க. இதையும் பாத்துட்டுப் போகட்டும். சரி, வாங்க. செருப்பை அந்தப் பக்கமா... ஐயோ, அதை வாயிலேர்ந்து எடுங்க! அது என்னோடது!

— டேய், விடு. விடுடா செல்லம். பல்லு மொளைக்குது மாமா, அதான். இந்தாங்க, வாரு மட்டும்தான் கொஞ்சம் ஈரம்.

— தொப்பி வேற. ரப்பர் போட்டு மாட்டியிருக்கீங்களா? கழுத்துல என்ன அது, டையா? எந்த ஆபீசுக்குப் போறாரு தொரை?

— பூங்காவுல இன்னிக்கு நாய்களுக்கு வேஷப் போட்டி மாமா. லீவு நாள் கொண்டாட்டம். பத்தரைக்கு ஆரம்பம். உங்க பொண்ணையும் கூட்டிக்கிட்டு மூணு பேருமாப் போகலாம்னு...

— மூணு பேரா! ஒண்ணு கேக்கறேன். இந்தத் துணியை எங்கயோ பாத்திருக்கேனே.

— என் லிஃப்ட் கம்பெனி யூனிஃபார்ம்தான். பழசு. வெட்டித் தெச்சேன். பையைப் பாருங்க, குட்டி ஸ்க்ரூடிரைவர்கூட வெச்சிருக்கேன். இவன் லிஃப்ட் மெக்கானிக் வேஷம்.

— ஒரு கால் சட்டைக் கைக்குள்ள இருக்கு. இன்னொரு கால் எங்க?

— அதுக்குள்ள தையல் விட்டுப்போச்சா? மூணு நாளா தெச்சேன் மாமா. விரல் பூரா ஊசி குத்து.

— மாப்பிள்ளை, கோவப்படாதீங்க. இந்த ஒன்பது வருஷத்துல ஒரு லீவு நாளுக்காவது அவளைத் தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? கிளம்பற நேரம் பாத்து ஃபோன் வரும். எவனாவது எங்கயாவது லிஃப்டுல மாட்டிக்கிட்டு நிப்பான். ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்னு போவீங்க. அவ உடுத்தின புதுத்துணியோட சாயங்காலம் வரைக்கும் நாற்காலியில உக்காந்திருப்பா. உங்களோட அந்த ஒரு நிமிஷம்தான் அவளை இங்க கொண்டாந்து விட்டுச்சு.

— தெரியும் மாமா.

— தெரிஞ்சுமா நாய்க்கு டை கட்டிக்கிட்டு வந்து நிக்கறீங்க?

— நாய்க்குட்டி வேணும்னு அவதான் கேட்டா. கல்யாணமான முதல் வருஷமே. யாரு பாத்துக்கறதுன்னு ஒரே வார்த்தையில வாயை அடைச்சுட்டேன். அப்புறம் அவ எதையுமே கேக்கல. எங்க இருக்கா?

— அந்த ரூம்லதான். காலைலேர்ந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கெடக்கா. கூப்பிட்டா ஒரு உம் கூட இல்ல. தப்பு என்னோடதுதான். இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படின்னு நேத்து வாய் தவறிக் கேட்டுத் தொலைச்சுட்டேன்.

— நான் பேசிப் பாக்கட்டுமா?

— பேசுங்க. கதவு என்ன வேண்டாம்னா சொல்லப் போவுது?

— இங்க பாரு... நான்தான். வெளிய வர வேண்டாம், காதுல வாங்கிக்கிட்டா போதும். நாய்க்குட்டி கொண்டாந்திருக்கேன். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. இன்னும் பேரு வெக்கல. நீ வெக்கணும்னு விட்டு வெச்சிருக்கேன். இத்தனை நாளா...

— மாப்பிள்ளை.

— ஒரு நிமிஷம் மாமா.

— ஒரு நிமிஷமெல்லாம் தாங்காது! உங்க மெக்கானிக் என் பேப்பர் மேல உக்காந்து சோலியை முடிச்சுக்கிட்டு இருக்காரு! நான் இன்னும் ஒரு பக்கம்கூடப் படிக்கல!

— ஐயோ! துணி எங்க மாமா? நான் தொடைச்சு விட்டுடறேன்.

— அந்த டையை அவுத்துத் தொடைங்க! பேசாம இவனைத் தூக்கிக்கிட்டு... இதோ, அடிக்குது பாருங்க உங்க ஃபோன். எதிர்பாத்தேன். எவனோ மாட்டிக்கிட்டான். போங்க, போய் எறக்கி விடுங்க.

— எடுக்க மாட்டேன் மாமா. இன்னிக்கு வேலைக்கு வேற ஆள் விட்டுட்டு வந்திருக்கேன். யாருன்னுகூடப் பாக்க மாட்டேன்.

— மறுபடியும் அடிக்குதே.

— இந்தாங்க. அணைச்சாச்சு. கேட்டியாம்மா? அணைச்சுட்டேன். நீ வெளிய வர்ற வரைக்கும் இந்தத் தரையிலயே உக்காந்திருக்கப் போறேன். போட்டி முடிஞ்சாலும் சரி, பூங்காவையே பூட்டினாலும் சரி.

— ஏம்மா, மனுஷன் நெஜமாவே கீழ உக்காந்துட்டாரும்மா. நாய் அவர் மடியில ஏறித் தொப்பியைத் தின்னுக்கிட்டிருக்கு. என்னாலயே பாக்க முடியல. அவருக்காக வேண்டாம், எனக்காகத் தொற... அசையறாளா பாருங்க, அப்படியே அவ அம்மா. இருங்க, இப்ப என் ஃபோன். அட, அவதான்! ரூமுக்குள்ள இருந்துக்கிட்டே ஃபோன் பண்றா. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க. ஏம்மா, நாலடி தள்ளித்தானே நிக்கறேன், கதவைத் தொறந்து பேசினா கொறைஞ்சா போயிடுவே?

— எந்தக் கதவுப்பா? காலைல நீங்க வாக்கிங் போனப்பவே ரூம் கதவைச் சாத்திட்டு நான் கிளம்பிட்டேன். ஒரு மணி நேரமா எங்க வீட்டு வாசல்ல பெட்டியோட நிக்கறேன், பூட்டிக் கெடக்கு. சாவியை நான்தான் அன்னிக்கு வீசிட்டு வந்துட்டேனே. ரெண்டு தடவை அவருக்குப் போட்டேன், ஃபோனை அணைச்சுட்டாரு. இன்னிக்கும் லிஃப்டைப் பாக்கத்தான் போயிட்டாராப்பா?