ஓங்கிய கையோடு தெருவில் இறங்கியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஐயாவுக்கும், நர்ஸம்மாவுக்கும், வேலை விட்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கும் சலவைக்கூடத்துத் தோழிகளுக்கும், தெருவாருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த அத்தையைப் பற்றி நல்லதெல்லாம் சொன்னார்கள். பொறுமைசாலி என்றார் ஒருவர். அதிர்ந்து பேசியே பார்த்ததில்லை என்றார் இன்னொருவர். உங்களுக்கு அவர் இஸ்திரி அத்தை. எனக்கு மாமியார். அதனால் நான் கொஞ்சம் வேறு மாதிரிதான் பேச முடியும். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார். நான் சொல்லப்போவதை அவரே உங்கள் முன்னால் எத்தனையோ முறை சொன்னவர்.

இன்னொன்றும் இருக்கிறது. என் மகன் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

அத்தை என்னை அடித்தவர்.

நான் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண். எங்கள் ஆட்கள் என்றாலே இந்தப் பக்கத்தாருக்கு ஆகாது. அத்தையின் மகன் பிடிவாதமாக என்னைக் கட்டிக்கொண்டார், அத்தையால் தடுக்க முடியவில்லை. எனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. "உங்க ஜனத்துக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியுமாடி?" என்பார். நாளெல்லாம் ஊர் அழுக்கைத் துவைத்துவிட்டு வீடு திரும்புகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஒரு நாள் சட்டையில் மடிப்பு சரியாக விழவில்லை என்று சூட்டோடு இஸ்திரிப் பெட்டியை என் முழங்கையில் வைத்தார். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அதோ, முன் வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கும் அது மறக்கவில்லை.

சலவைக்கூடத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நர்ஸம்மா ஒரு கூட்டம் நடத்துவார். அடிபட்ட பெண்கள் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும் கூட்டம். அத்தை அங்கே எதற்குப் போனார் தெரியுமா? என்மேல் புகார் சொல்ல.

நர்ஸம்மா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் கேட்டீர்கள்:

"மருமக கதை அப்புறம். உனக்கு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிறவ ஞாயித்துக்கிழமை தூங்குவா. நீ எதுக்கு மாடிப்படி ஏறி வந்த?"

அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் அடுத்த ஞாயிறும் போனார். என் குற்றங்களை இன்னும் விளக்கமாகச் சொல்லத்தான். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், என்னைத் திட்டிக்கொண்டிருந்த வாயிலிருந்து அவருடைய கதை வந்துவிட்டது. நிறைமாதத்தில் அவரை அவருடைய மாமியார் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ் போட்ட கதை. உள்ளே புருஷன் இருமும் சத்தம் கேட்டதாம். எழுந்து வந்து கதவைத் திறக்கவில்லையாம். அதுவரை அத்தையிடம் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? யாருக்குக் கேட்கத் தோன்றியது? அழுது முடித்துவிட்டு, "அப்போ நான் இவளுக்குப் பண்றது?" என்றாராம்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கை அதுபாட்டுக்கு ஓங்கும். ஓங்கிய கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். குழாயடியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை. திரும்பக் குழாயடி வரை. கோபம் ஆறும் மட்டும் நடப்பார்.

தையல்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்ப்பார். "என்ன அத்தை, இன்னிக்கு எத்தனை சுத்து?"

"வாயை மூடுய்யா. பீங்கான் தட்டை உடைச்சிருக்கா. பஸ் ஸ்டாப்பெல்லாம் இன்னிக்குப் பத்தாது."

தெருவே சிரித்தது. பெற்ற பிள்ளையைப் போட்டு அடிக்கும் பெட்டிக்கடை அக்காவும் சிரித்தாள். ஒரு நாள் அவளும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அத்தையோடு நடந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். "கை அரிக்குதா? வா, நடக்கலாம்" என்று கதவைத் தட்டிக் கூப்பிடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. நடை நீண்டு பாலத்தையும் தாண்டியது. என் அம்மா வீட்டு வாசலில் நின்று, "சம்பந்தி, தண்ணி இருக்கா?" என்று கேட்டு வாங்கி, அங்கேயே குடித்தார் அத்தை.

அவரை மன்னித்தாயா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தழும்பு அப்படியே இருக்கிறது. கடைசி நாட்களில் நான்தான் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். அப்போது அவர் கை என் தோளில் இருக்கும். எனக்குப் பயம் வரவில்லை. அதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி என் விஷயம். அத்தை படுக்கையில் இருந்தபோது என் மகன் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். கட்டட வேலைக்கென்று வந்து ஆற்றோரம் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் ஜனம் அவள். பாலத்தின் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக நின்று வெறுக்கிற ஜனம். அவள் காது கேட்க நான் மகனிடம் சொன்னேன்: "இதுங்களுக்கெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள என்னடா வேலை?" அவள் எழுந்து போய்விட்டாள்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "செருப்பை மாட்டுடி."

"உங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்க போறது?" என்று சாக்குச் சொன்னேன். போகவில்லை. நான் செருப்பை மாட்டுவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

எத்தனை அடி வாங்கினவள் நான்! எனக்கே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது இது? என்னோடு நிற்கட்டும். நிறுத்துவேன்.

சங்கத்தார் அத்தையின் படத்தைத் திறந்து வைத்தீர்கள், சந்தோஷம். ஆனால் அவர் வேலை சுவரில் மாட்டுகிற வேலை இல்லை. நாளை வேலை விட்டதும் நடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம் உண்டு. முதலில் பேசப்போகிறவள் நான். உங்களுக்குக் கை அரிப்பு என்றால் எனக்கு நாக்கு அரிப்பு. அதற்கும் வைத்தியம் அங்கேதான்.

கடைசியாக, வாசலில் என் மகன் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு. நீ அத்தைக்காக வந்திருக்கிறாய், எனக்காக அல்ல என்று தெரியும். அன்று நான் சொன்னது தப்பு. வீட்டுக்குள் சொன்னேன், ஊர் முன்னால் ஒத்துக்கொள்கிறேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். குடும்பத்தார் வரிசையில் உனக்கு ஓர் இடம் போடச் சொல்லியிருக்கிறேன். வர மனமிருந்தால் வா. இல்லையென்றால் அங்கேயே நில்லம்மா. நான் இறங்கி வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.