குறையாத ஒன்பது கிலோ

— உட்காரு அண்ணா. மூச்சு வாங்குறது நிக்கட்டும், அப்புறம் பேசு.

— நாலு மாடிதானம்மா. இந்தக் கட்டடத்து லிஃப்டை ரிப்பேர் பண்றவன் நான். நான் படியேறி வர்றதைப் பாத்து வாட்ச்மேன் சிரிக்கிறான்.

— ஏன், லிஃப்டுக்கு என்ன?

— அதுக்கென்ன, ஜம்முன்னு ஓடுது. நான்தான் ஒன்பது கிலோ குறையணுமே. குறைச்சாத்தானே என் கிட்னியை எடுத்து உனக்கு வைப்பாங்க.

— இங்க பாரு, முகமெல்லாம் வேர்த்திருக்கு. துடை.

— முதல்ல என்ன சொன்னாங்க? சிகரெட்டை விட்டாத்தான் குடுக்க முடியும்னாங்க. இருபத்திரெண்டு வருஷப் பழக்கம், விட்டேனா இல்லையா? விட்டதுலேர்ந்து வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. பிஸ்கட்டு, கடலை, கையில எது கிடைச்சாலும் உள்ள போகுது. இப்ப ரொம்ப குண்டா இருக்கேங்கறாங்க. நான் என்னதான் பண்றது?

— உன் மேல ஒரு தப்பும் இல்லண்ணா.

— தூக்கம் வேற. நேத்து லிஃப்ட் கூண்டு மேல உக்காந்து வேலை பாக்கறேன், ஸ்பேனரைப் பிடிச்சபடியே கண்ணு சொக்கிடுச்சு. முதலாளி பாத்துட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. பேசாம போயிட்டார்.

— கூண்டு மேலயா? விழுந்திருந்தா என்ன ஆவுறது?

— பெல்ட் போட்டிருந்தேன், விடு.

— அண்ணி போன் பண்ணாங்க. ரெண்டு வாரமா ராத்திரி வெறும் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கிறியாமே.

— அவ ஒரு ரேடியோ. விடுன்னா விடு.

— இந்தா, ரொட்டியும் முட்டையும் வச்சிருக்கேன். சாப்பிடு.

— விளையாடாத. ரெண்டு மாசம் முன்னாடியே குடுத்த தேதி, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரில எடை பாப்பாங்க. அதுக்குள்ள ரெண்டு கிலோவாவது இறக்கிடணும்.

— வெள்ளிக்கிழமை நீ போக வேண்டாம்.

— தள்ளிப் போட்டுட்டாங்களா?

— ஒரு வாய் சாப்பிடு, சொல்றேன்.

— நீ முதல்ல சொல்லு. உன் ஸ்கூல் பிள்ளைங்க பரீட்சை பேப்பரைத் திருத்தாம ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிட்டிருக்க? கசங்குது பாரு. குடு இங்க.

— என் இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சாம் அண்ணா. ஆபரேஷனைத் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே யார் கிட்னி குடுத்தாலும் எனக்கு வைக்க மாட்டாங்களாம்.

— யார் சொன்னது? அந்தச் சின்ன டாக்டரா? அவருக்கு என்ன தெரியும். பெரிய டாக்டரம்மாவைப் போய்ப் பாக்கலாம், எழுந்திரு.

— அவங்கதான் சொன்னாங்க. ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க.

— அப்ப இனிமே?

— இப்ப மாதிரியே வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். முடியற வரைக்கும்.

— அம்மா போனப்ப உன்னை என் கையில பிடிச்சுக் குடுத்தாங்கம்மா. நான் என்ன பதில் சொல்லுவேன்?

— அழாதண்ணா.

— எப்ப சொன்னாங்க? நேத்தா?

— ஒரு மாசமாச்சு. அன்னைக்கே சொல்லியிருந்தா, கீழ இறங்கின உடனே நீ ஒரு சிகரெட்டைப் பத்த வச்சிருப்ப. அதை விட்டு ஆறு மாசம் தாண்டிட்டா நீ திரும்ப அந்தப் பக்கம் போக மாட்டன்னு நினைச்சேன். நேத்தோட ஆறு மாசம் முடிஞ்சிருச்சு.