மெட்டடோரின் நெற்றியில் ஒரு பெயர்

ராஜராஜன்: கதவ அப்புடி இழுக்காதக்கா. மொதல்ல தூக்கி...

வெற்றிச்செல்வி: தூக்கி இழுக்கணும். தெரியும்டா. மறப்பனா?

ராஜராஜன்: பதினோரு வருஷம் ஆச்சே...

வெற்றிச்செல்வி: பாரு, தொறந்துருச்சு.

ராஜராஜன்: உள்ள ஏறாத. சீட்டு இன்னும் தைக்கல. கம்பி குத்தும்.

வெற்றிச்செல்வி: வூட்டுக்குள்ளதான் இத்தன வருஷமா கூப்புடல. வண்டிக்குள்ளயும் ஏறக் கூடாதா?

ராஜராஜன்: அக்கா...

வெற்றிச்செல்வி: சும்மா சொன்னன்டா. மூஞ்சி ஏன் அப்புடிப் போவுது? ஒன் பொண்டாட்டி சுவாதி டீ போட்டுக்கிட்டு இருக்கு. குடிக்கறப்ப வூட்டுக்குள்ளயும் வரேன். மொதல்ல வண்டியக் காட்டு. இதுக்குத்தான வரச் சொன்ன?

ராஜராஜன்: ஆமா. நாளைக்குப் பெயிண்டர் வராரு. அதுக்குள்ள நீ ஒருக்கா பாத்தறணும்னு... வெள்ளிக்கெழம அப்பாவுக்கு வருஷ தெவசம். அன்னைக்கு வண்டி வெளிய வரணும்க்கா.

வெற்றிச்செல்வி: எல்லாம் நீயேவா செஞ்ச?

ராஜராஜன்: இன்ஜின் மட்டும் ஆண்டவர் மெக்கானிக் வந்து எறக்கிக் குடுத்தாரு. மத்தது பூரா நான்தான். இந்த மாட்டுக் கொட்டாயிலயே வச்சு, எட்டு மாசம். தரைத் தகடு கையி போற அளவுக்கு ஓட்ட. வெட்டியெடுத்துட்டுப் புதுசு வச்சேன். எண்பத்தெட்டு மாடல் மெட்டடோர் வேனுக்குக் கண்ணாடி ரப்பர் எங்க கெடைக்குது? துறையூரு, அரியலூருன்னு ஒரு காயலாங்கடை விடல.

வெற்றிச்செல்வி: அரியலூருக்கு வந்தியா?

ராஜராஜன்: ...ரெண்டு தடவ.

வெற்றிச்செல்வி: பஸ் ஸ்டாண்டுலேருந்து எங்க வூடு நடக்குற தூரம்தான்.

ராஜராஜன்: தெரியும். தெரு மொன வரைக்கும் வந்தேன்.

வெற்றிச்செல்வி: வந்து?

ராஜராஜன்: திரும்பிட்டேன்.

வெற்றிச்செல்வி: நல்ல ஆளுடா நீ... எலி கடிச்ச ஒயரெல்லாம் மாத்திட்டியா?

ராஜராஜன்: மாத்தி... எலி கடிச்சது ஒனக்கு எப்புடித் தெரியும்?

வெற்றிச்செல்வி: நின்ன வண்டின்னா எலி கடிக்காம கொஞ்சுமா? கேட்டா ஒரு கேள்வி. ஆமா, டேஷ்போர்டுல என்ன இத்தன பொட்டலம்?

ராஜராஜன்: விபூதி. அத மட்டும் கலைக்காத.

வெற்றிச்செல்வி: ...ஏன்?

ராஜராஜன்: அப்பா கொண்டாந்தது. வண்டிய நிறுத்துனாரே ஒழிய, பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போறத நிறுத்தல. மழன்னாலும் போவாரு. நான்தான் குரும்பலூர் ஸ்டாப்புல பைக்குல எறக்கி விடுவேன். வரும்போது, "இது ஒனக்குடா"ன்னு ஒரு பொட்டலம். பூசுனது போவ மிச்சத்த இங்க போட்டு வைப்பாரு.

வெற்றிச்செல்வி: நீ பூசுவியா?

ராஜராஜன்: பூசாம? அவரு குடுத்தாச்சே. பாரேன், நாலு கோடு நோட்டுப் பேப்பர்ல மடிச்சிருக்கு. குருக்கள் பேரப்புள்ள நோட்டு போலருக்கு.

வெற்றிச்செல்வி: ...ம்.

ராஜராஜன்: ஏன்க்கா கம்முனு ஆயிட்ட?

வெற்றிச்செல்வி: ஒண்ணுமில்ல. வண்டி நெத்தியில ஏன் சாக்கப் போட்டு மூடி வச்சிருக்க? எடு அத.

ராஜராஜன்: அதுக்குத்தான் ஒன்ன வரச் சொன்னேன். இரு... ஸ்டூல் மேல ஏறிக்க. புடிச்சுக்க. எழுத்து தெரியுதா?

வெற்றிச்செல்வி: ராஜராஜன்... ஒன் பேரு தெரியறதுல என்னா அதிசயம்? அது எப்பவும் இருந்துச்சே.

ராஜராஜன்: அதுக்கு முன்னால பாரு.

வெற்றிச்செல்வி: ...செல்வி.

ராஜராஜன்: "வெற்றி" மட்டும் பாக்கி. இன்னைக்கு ராத்திரி பூரா ஒக்காந்தாவது எடுத்துருவேன்.

வெற்றிச்செல்வி: எப்புடிடா இது...

ராஜராஜன்: மத்த எடத்துல ரிமூவர் ஊத்துனேன். பெயிண்டு தோலாட்டம் உரிஞ்சு வந்துருச்சு. இங்க அத ஊத்துனா அடியில இருக்குற எழுத்தும் சேந்து போயிரும். அதனால வாட்டர் பேப்பர், இந்தத் தேய்க்கற தாளு. தண்ணியத் தொட்டுக்கிட்டு, வெரலால, கொஞ்சம் கொஞ்சமா. ஒரு எழுத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம ஆச்சு. கொஞ்சம் அழுத்துனாலும் பேரு போயிரும்.

வெற்றிச்செல்வி: கிறுக்கா ஒனக்கு? பெயிண்டர் கிட்ட சொன்னா ஒரு மணி நேரத்துல புதுசா எழுதிட்டுப் போறாரு.

ராஜராஜன்: அவரும் அதத்தான் சொன்னாரு. வேணாம்னுட்டேன். அது வேறக்கா. அம்மா செத்த வருஷம் வண்டிய வாங்கி, நம்ம ரெண்டு பேரையும் முன்னால நிக்க வச்சுக்கிட்டு அப்பா எழுத வச்சாரே... எனக்கு அந்தப் பேரு வேணும். இது மேல கிளியர் வார்னிஷ் மட்டும் அடிச்சா போதும்னு சொல்லிட்டேன்.

வெற்றிச்செல்வி: மேல அடிச்சிருக்குற இந்தப் பச்ச... நம்ம கேட்டுக்கு அடிச்ச பெயிண்டுல்ல?

ராஜராஜன்: ...ம்.

வெற்றிச்செல்வி: பொங்கலுக்கு அடிச்சது. நான் போறதுக்கு முந்துன பொங்கல். பிரஷ் அடி கூட கோணல்மாணலா இருக்கு. இது பெயிண்டர் வேலையில்ல.

ராஜராஜன்: டீ ஆறிடும்க்கா. வா.

வெற்றிச்செல்வி: யாருடா அடிச்சது? அப்பாவா?

ராஜராஜன்: ஊருல அப்புடித்தான்...

வெற்றிச்செல்வி: ஊரு கெடக்கட்டும். நீ சொல்லு.

ராஜராஜன்: ...ஆமா. அப்பாதான். அன்னைக்கு இருந்த கோவத்துல...

வெற்றிச்செல்வி: சரி.

ராஜராஜன்: சரியா?

வெற்றிச்செல்வி: பின்ன? செத்தவரு கூடவா சண்ட போடுறது? நகரு, எறங்குறேன். மூணு மணி பஸ்ஸப் புடிச்சாதான் இலக்கியா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள போய்ச் சேர முடியும்.

ராஜராஜன்: வெள்ளிக்கெழம வருவல்ல? பிரேம் மச்சானையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. நான் வேணும்னா நேர்ல வந்து...

வெற்றிச்செல்வி: வரலடா.

ராஜராஜன்: அக்கா, வண்டியே ஒனக்காகத்தான்...

வெற்றிச்செல்வி: என் பேர அழிச்ச மனுசனுக்குப் படைக்கறப்ப நான் எதுக்கு? பேரு வேணாம்னுதான அழிச்சாரு? அப்ப மகளும் வேணாம். அவரு அப்புடியே இருந்துட்டுப் போவட்டும்.

ராஜராஜன்: அப்புடிச் சொல்லாத. அவர அப்புடிச் சொல்லாத.

வெற்றிச்செல்வி: நீதானடா சொன்ன? அப்பாதான்னு. அது பொய்யா?

ராஜராஜன்: பொய்.

வெற்றிச்செல்வி: எது பொய்?

ராஜராஜன்: அப்பா அடிக்கல. நான்தான்... நான்தான்க்கா அடிச்சேன். நீ போயி நாலாம் நாளு. சின்ன வெங்காயம் ஏத்திக்கிட்டு நான் மட்டும் மண்டிக்குப் போனேன். அங்க நெத்தியப் பாத்துட்டு ஒருத்தன் சொன்னான்... "ஓடிப் போனவ பேரு முன்னால ஓடுது, வண்டி பின்னால போவுது"ன்னு. மண்டியே சிரிச்சுது. எனக்குப் பத்தொம்போது வயசு. மூட்டைய எறக்கக் கூட இல்ல, அப்புடியே வந்துட்டேன். அப்பா வயலுக்குப் போயிருந்தாரு. கொட்டாயில அந்தப் பச்ச டப்பா இருந்துச்சு...

வெற்றிச்செல்வி: அப்பா வந்து பாத்தாரா?

ராஜராஜன்: பாத்தாரு. பெயிண்டு ஈரம் கூடக் காயல. என் கையிலயும் பச்ச. ஒரு வார்த்த கேக்கல. அடிச்சிருந்தாலும் தேவல. சாவிய வாங்கி சாமி மாடத்துல வச்சாரு. அவ்ளோதான், அன்னையோட வண்டிய ஓட்டல. வெங்காயத்த வாடக வண்டியிலதான் அனுப்புனாரு.

வெற்றிச்செல்வி: ஊரு என்ன சொல்லிச்சு?

ராஜராஜன்: "வைரக்கண்ணு ரோசக்காரன், மக பேரையே அழிச்சுட்டான்"னு... சித்தப்பா வூட்டுல எல்லாரும் தட்டிக் குடுத்தாங்க. அவரு ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நானும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன். பத்து வருஷம் என் பழிய அவரு சொமந்தாருக்கா. இப்பவும் பாரு, செத்தவரு மேலயே தூக்கிப் போட்டேன். ஒன் கிட்ட.

வெற்றிச்செல்வி: நிமுந்து பேசுடா.

ராஜராஜன்: அப்பா செத்த அன்னைக்கு நீ தெருமொனையில நின்ன. "உள்ள வாக்கா"ன்னு கூப்புட எனக்கு வாய் வரல. கூப்ட்டா நீ வண்டியப் பாப்ப, நெத்தியப் பாப்ப, யாருன்னு கேப்பன்னு பயம். அப்பா மொகத்தக் கிட்ட வந்து பாக்க விடாம பண்ணிட்டேன். அவரு உசுரோட இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கெழமயாவது இத தேச்சிருக்கலாம். பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு. வாரத்துக்கு ஒருக்கா வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, எறங்கி வந்து இந்தப் பச்சயவே பாத்துக்கிட்டு நிப்பாரு. அப்ப தேய்க்கல. மக கூட ஒரு வார்த்த பேசாம, பேத்தி மொகத்தயும் பாக்காம போயிட்டாரு. அதுக்கு நான்தான் காரணம். நீ என்ன திட்டு, அடி, தெவசத்துக்கு வராம கூட இரு. ஆனா அப்பாவ மட்டும்...

வெற்றிச்செல்வி: அழுவாத. அந்த வாட்டர் பேப்பர இங்க குடு... தண்ணி டப்பாவயும் கிட்ட வை. "வெற்றி"ய நான் தேய்க்கிறேன். வெள்ளிக்கெழம மூணு பேரும் வரோம், போதுமா? எனக்கு எல்லாம் தெரியும்டா. நீ அடிச்ச மறுவாரமே அப்பா வந்து சொல்லித் தெரியும். அவனா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி நீ காட்டிக்கக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நீ ஸ்டாப்புல எறக்கி விட்டு வந்துருவ. அவரு பெரம்பலூருல எறங்கி ஏறுனது வாலிகண்டபுரம் பஸ்சு இல்ல, அரியலூர் பஸ்சு. இலக்கியாவுக்கு மொத மொத எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற? பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நீ பூசிக்கிட்டது எங்க தெருப் புள்ளையார் கோயில் விபூதிடா. அவ நோட்டுல தாளக் கிழிச்சு, "இது தம்பிக்கு"ன்னு மடிச்சுக் குடுத்தனுப்புனது நான்தான்.