நிக்கிற மோட்டார்

திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். சின்ன அரிசி ஆலை நடத்துகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூட்டை ஏற்றும் இரும்புத் தள்ளுவண்டிக்கு மோட்டார் வாங்கப் போகிறார்கள்.

“எனக்கு ஓடுற மோட்டார் வேண்டாங்க. நிக்கிற மோட்டாரா பாருங்க,” என்றார் மனைவி.

கணவர் சிரித்துவிட்டார். “நிக்கிறதுக்கு எதுக்கு மோட்டாரு? நல்ல ஸ்பீடா வாங்குனா குடோன் சரிவுல ஒரே மூச்சுல ஏறிடும்.”

“பாதியில சுவிட்சுலேருந்து கைய எடுத்துட்டா? அத்தனை நெல்லு மூட்டையோட பின்னால உருளும். கையால தள்ளும்போதே நழுவித்தானே நம்மகிட்ட வேலை பாக்குற மல்லிகாவுக்குக் கால் முறிஞ்சுது.”

மன்னார்குடி தாண்டியதும் கணவர் மறுபடி பேச்சை எடுத்தார்.

“கடைக்காரர் பிரேக் வச்சது ஒண்ணு சொன்னாரு. சுவிட்ச விட்டதும் தானா பிடிச்சுக்குமாம். ஆனா மெதுவாத்தான் போகும்.”

“நாம நடக்குற வேகம் போதும்.”

“மல்லிகா திரும்ப வேலைக்கு வருமா?”

“வர்றேங்குது. வண்டிப் பக்கம் மட்டும் போக மாட்டேன்னு அழுவுது. மொத நாளு மூட்டைய ஏத்தி, நடுச்சரிவுல நிறுத்திக் காட்டுவோம். நான் வண்டிக்குப் பின்னால நிக்கிறேன். அதப் பாத்தாதான் அதுக்குப் பயம் தெளியும்.”

கணவர் கைபேசியில் கடைக்காரரை அழைத்தார். “அந்த பிரேக் மோட்டாரையே எடுத்து வைங்க. வந்துகிட்டு இருக்கோம்.”

பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ சுவிட்சப் பாத்துக்க. பின்னால நான் நிக்கிறேன்.”