கடைசிப் பக்கத்துக் கிணறு

மனு கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. மனுவாகக் கதை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இல்லை; அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வடக்கனந்தல் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்னாடி சொல்ற? நீ எழுதற கதையவா மனுன்னு குடுத்துக்கினு இருக்க?”

“திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குக் குடுத்தே ஆகணும்னு வெச்சாதான்க்கா வாரம் ஒண்ணு எழுத முடியுது. ரசீதும் தராங்க.”

“புடிச்சி உள்ள போட்ருவாங்கடி!”

“யாருமே முழுசா படிக்கலியேன்னு எழுதறதையே வுட்றலாம்னு இருந்தேன். இப்ப பதில் வந்துட்ச்சி. ‘கடைசிப் பக்கத்தில் கண்ட கிணறு, நேரில் விசாரித்ததில், அவ்வூரில் இல்லை’ன்னு. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காங்கக்கா!”

“எப்ப வந்துச்சி?”

“போன வருசம் தை மாசம் குடுத்த கதைக்கு, நேத்து.”