கறள் பிடியாத கார்

இந்த வருடம் கச்சான் காற்று கொஞ்சம் முந்திவிட்டது, சுவாமி. கோயில் கதவின் பிணைச்சல்கூடக் கத்துகிறது. யாரிடமாவது கொஞ்சம் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். இரும்பைக் கவனிக்காமல் விடுவதும் ஒரு பாவம்தான் என்பது என் எண்ணம்.

என் காரை உங்களுக்குத் தெரியும். கொழும்பில் கார்க் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்து, பென்சன் எடுத்த கையோடு வாங்கியது. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். ஊர்காவற்றுறையில் வேறு எவரிடமும் அது இல்லை. சில்லின் நடுவில் ஒரு குமிழ், அதைச் சுற்றி ஓர் இரும்புத் தட்டு. பிரேக் கட்டைகள் கவ்வுவது அந்தத் தட்டைத்தான். உப்புக்காற்று பட்டால் குமிழ் ஒரே கிழமையில் கறள் பிடித்துச் செம்மஞ்சளாகிவிடும். அதனால் தட்டைக் கடதாசியால் மூடிவிட்டு, குமிழுக்கு மட்டும் வெள்ளிநிறப் பெயின்ற் பூசுவேன். தட்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

நம் ஊரில் கார் வைத்திருப்பவனுக்குக் கார் சொந்தமில்லை. கலியாணம், திருநாள், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் மனிதனே இல்லை. அதிலும் மனைவியின் தமையன் கேட்டால் என்ன செய்வது? யாக்கோப்பு கிழமை தவறாமல் வருவார்.

"மச்சான், கார்த் திறப்பை ஒருக்காத் தாரும்."

கொண்டுபோய்ச் சாட்டிக் கடற்கரை ஈரமணலில் ஓட்டுவார். சில்லுகளை அலையில் விட்டுக் கழுவுவார். கடல்தண்ணீரில் கழுவினால் பளபளக்கும் என்று எனக்கே விளக்கமும் சொல்வார். மனைவி மாக்கிறேற்றிடம் ஒருமுறை வாய் திறந்தேன். "என்ரை அண்ணைக்கு ஒரு காரைக் குடுக்க உங்களுக்கு மனம் வரேல்லையோ?" என்றாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் சண்டை சச்சரவுக்குப் போகிற ஆள் இல்லை, சுவாமி. முகத்துக்கு நேரே ஒருவரை நோகடிக்க எனக்கு ஏலாது.

தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க, காரைநகர் தாண்டி இளவாலைக்குப் போகவேண்டும் என்று யாக்கோப்பு கேட்டார். காரைப் பாதைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். ஓம் என்றேன். அன்று பூசும்போது கடதாசி வைக்கவில்லை. தட்டின் இரண்டு பக்கமும் வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்றைத் தடிப்பாகவே பூசினேன்.

அது காய்வதற்கு முன்னமே வந்துவிட்டார்.

"பிரேக் எல்லாம் சரிதானே?"

"ஓம், இப்பதான் சில்லெல்லாம் பார்த்தனான்," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

எங்கள் படலையிலிருந்து துறை கூப்பிடு தூரம். றோட்டும் நேரானது. பிரேக் மிதிக்கத் தேவையே இல்லை, துறைச் சரிவு வரும்வரை. பாதை இன்னும் அக்கரையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. கார் நேரே கடலுக்குள் இறங்கியது. வள்ளக்காரர் குதித்து அவரை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. பிறகு காருக்குக் கயிறு போட்டார்கள். பம்பரில் கட்ட வேண்டாம், வளைந்துவிடும் என்று மட்டும் கரையில் நின்று சொன்னேன்.

செத்தவீட்டில் நான் அழுதேன். நல்ல மனிதர்தான். ஆனால் பந்தலுக்குள் இருந்து பக்கத்து வீட்டு அரியநாயகம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான், "கறள் பிடிச்ச பிரேக்கோடை காரைக் குடுத்து ஆளைக் கொன்றுபோட்டான்." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அன்றிலிருந்து நித்திரை இல்லை. அந்தக் காரில் ஒரு பொட்டுக் கறள் இருந்ததில்லை, சுவாமி. யாக்கோப்பைக் கொன்றது நான் பூசிய பெயின்ற். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியில் சொல்லமுடியாது என்று தெரியும். ஆனாலும் உண்மை ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கார் இப்போது ஓடுகிறது. உள்ளே கொஞ்சம் கடல் மணம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பாதையில் வரும் ஆயர் ஆண்டகையை ஏற்றிவர, துறைக்கு நீங்களே ஓட்டிப்போகக் காரைத் தரும்படி மாக்கிறேற்றிடம் கேட்டீர்களாம். அவள் ஓம் சொல்லிவிட்டாள். சுவாமிக்கு இல்லை என்று சொல்வது மரியாதையா? காலையில்தான் முன்சில்லுகளுக்குப் பூசி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் கேட்க இங்கே யார் வருவார்களோ தெரியாது. ஆகவே இரண்டு பாவத்துக்கும் சேர்த்து இன்றைக்கே அபராதத்தைச் சொல்லிவிடுங்கள்.