மூன்று குறிஞ்சா

எனக்கு வெறுந்தேத்தண்ணியே போதும், ஐயா. சீனி போட வேண்டாம். எழுபத்து நான்கு வயதாகியும் எனக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு நோய், இல்லை. எல்லாம் எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியின் குறிஞ்சா இலை செய்த புண்ணியம். குறிஞ்சாவைக் கடித்த எறும்பொன்று சீனிப் போத்தலைத் தாண்டிப்போய் உப்புப் போத்தலில் குடியேறியதை என் கண்ணால் கண்டவன் நான்.

நீங்கள் எழுத வேண்டியது வேறு. எங்கள் பக்கத்தில் குறிஞ்சா என்ற பெயரில் மூன்று கொடிகள் உண்டு. சிறியது மருந்து. பெரியது கறிக்கு ஆகும். மூன்றாவது களப்புத் தண்ணியோரத்து வேலியில் படர்வது, ஆடுகூட வாய்வைக்காது. பார்த்த உடனே பிரித்தறிய என்னை விட்டால் ஆளில்லை. மற்றவர்கள் இலையை மென்றுவிட்டு நாக்கில் சீனி போட்டுப் பார்ப்பார்கள். சீனி மண்போல் இருந்தால் அது மருந்துக் குறிஞ்சா.

என் மனைவி பல்கீஸுக்குச் சீனி வருத்தம். காலையில் நான்தான் இலைக்கஞ்சி காய்ச்சிக் கொடுப்பேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கந்தளாயில் இருக்கும் மகள் ஹுஸ்னியாவிடம் போகப்போவதாகச் சொன்னாள்.

"எத்தின நாளைக்கு?" என்றேன்.

"மௌத்தாகுமட்டும். நாப்பத்தாறு வருசமா உங்கட பொய்யக் கேட்டுக் காது புளிச்சிட்டு. இனி அந்த எறும்புக்கிட்டயே சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். மறுநாள் கஞ்சிக்கு வேலிக்கொடியைப் பறித்தேன்.

"இது எந்தக் குறிஞ்சா?" என்று கேட்டாள். மருந்து இலை ஒன்றைக் கையில் கொடுத்தேன். மென்றாள், சீனியைப் போட்டுப் பார்த்தாள். "ஓம், மண்ணாத்தான் கிடக்கு" என்று கோப்பையைக் காலிசெய்தாள். சட்டிக்குள் எது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குறிஞ்சா என்றுதான் சொல்லியிருப்பேன், அது பொய்யுமல்ல.

அன்று வாந்தி, மயக்கம். பயணம் நின்றது. தேறி எழும்பிப் பையை எடுத்தாள். நானும் சட்டியை எடுத்தேன். இப்படி ஏழு தடவை. ஹுஸ்னியா வரும்போதெல்லாம், "உம்மாக்கு பஸ்ஸேற ஏலாது மகள்" என்று நானே அழுதேன். கால் பிடித்துவிட்டேன், தலை வாரிவிட்டேன். கடைசி மாதம் அவள் கட்டிலில் கிடந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேன் கொண்டுவருவதாக மகள் அறிவித்தாள். வியாழன் காலை இலையைச் சற்றுக் கூட்டிப்போட்டேன். மத்தியானத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லுமுன் மூச்சடங்கி மௌத்தாகிவிட்டாள். ஓம், தெரிந்துதான் கொடுத்தேன்.

ஆனால், நான் உம்மாவை அடைத்துவைத்திருந்தேன் என்று மகள் பொலிஸ் முறைப்பாட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறாளே, அந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள், ஐயா. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது. விருப்பமிருந்திருந்தால் அவள் எழும்பிப் போயிருப்பாள்.